ஒண்ணும் இல்லையாம், ஸ்தோத்திரம்

எனக்குச் சுகமாகிவிட்டது என்று கேள்விப்பட்டு யாராவது இதை வாசிக்க வந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆகவில்லை. சுகமாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை, டாக்டர் சொல்லவில்லை, ஆண்டவரும் சொன்னதாகத் தெரியவில்லை. சொன்னவர்கள் எல்லாரும் என்மேல் பிரியம் உள்ளவர்கள். அதனால்தான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது. வேண்டாதவர்களாக இருந்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். இப்போது உட்கார்ந்து எழுதும் அளவுக்கு உடம்பில் கொஞ்சம் தெம்பு இருக்கிறது. அது போவதற்குள் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

என் பெயர் சாந்தி. 'பேருதான் சாந்தி' என்று கம்பெனியில் என் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள், எனக்குத் தெரியும். ஓசூர் ரோடு பக்கம் ஒரு கார்மென்ட்ஸில் லைன் சூப்பர்வைசர் வேலை. ஒரு வரிசை முழுக்கத் தையல் மெஷின்கள். அந்த இரைச்சலுக்கு மேலே என் குரல் கடைசி மெஷின் வரைக்கும் போக வேண்டும். காலர் கோணலாக வந்தால் கத்துவேன், பட்டன் இடம் மாறினால் கத்துவேன். அதற்குத்தான் சம்பளம். வீடு ஆடுகோடியில். மகன் தினேஷ் அத்திபெலேயில் ஒரு குடோனில் வேலை செய்கிறான், பைக்கில் போய்வருகிறான்.

என் வீட்டுக்காரர் செல்வராஜ் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். கே.ஜி.எஃப்.காரர், அவர் அப்பா அங்கே தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். எனக்கு நேர் எதிர், அதிர்ந்து பேச மாட்டார். அவர் வாயிலிருந்து அடிக்கடி வரும் ஒரே வார்த்தை 'ஸ்தோத்திரம்'. கிறிஸ்தவர்கள் எல்லாரும் சொல்வதுதான். ஆனால் இவர் எதற்கும் சொல்வார். சாப்பாடு ருசியாக இருந்தாலும் ஸ்தோத்திரம், உப்புக் கரித்தாலும் ஸ்தோத்திரம். வேன் டயர் பஞ்சராகி மழையில் நின்றபோதுகூட எனக்குப் போன் பண்ணி, "பஞ்சர் ஆயிடுச்சு, ஸ்தோத்திரம்" என்றார். எல்லாவற்றிலும் நன்றி சொல்ல வேண்டும் என்று வளர்க்கப்பட்ட மனிதர். நான் அப்படி வளர்க்கப்படவில்லை.

கட்டியை முதலில் பார்த்தது நான் இல்லை. லைனில் கைப்பட்டி தைக்கிற ஒரு பெண், "அக்கா, உங்க கழுத்துல இன்னாக்கா உருண்டையா?" என்று கேட்டாள். பீஸைப் பார்த்துத் தைடி என்று அதட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன். இடது காதுக்குக் கீழே புளியங்கொட்டை அளவுக்கு ஒன்று. வலி கிடையாது. தொட்டால் வழுக்கிக்கொண்டு நகர்ந்தது.

அதற்குப் பிறகு சாயங்காலமானால் காய்ச்சல். விடியும்போது நைட்டி பிழிகிற மாதிரி நனைந்திருக்கும். ஜாக்கெட்டெல்லாம் தொளதொளவென்று ஆனது. தெருமுனை கிளினிக் டாக்டர் வைரல் என்றார், மாத்திரை கொடுத்தார். திரும்பப் போனேன், மாத்திரையை மாற்றினார். இன்னொரு தடவை போனேன், மறுபடியும் மாற்றிவிட்டு வைரல் என்றார். வைரல் என்று சொல்ல டாக்டர் எதற்கு, அதை நானே எனக்குச் சொல்லிக்கொள்வேன் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். செல்வராஜ் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். புளியங்கொட்டை அதற்குள் நெல்லிக்காய் ஆகியிருந்தது.

கம்பெனி காப்பீட்டு அட்டையைக் காட்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஒரு லேடி டாக்டர். சின்ன வயது, கன்னடம்தான் தாய்மொழி. ஆனாலும் எனக்காகத் தடுமாறித் தடுமாறித் தமிழில் பேசினார். உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்ன முதல் ஆள் அவர்தான், அதை மறக்க மாட்டேன். உடம்பு முழுக்க நிணநீர்க் கணுக்கள் என்று சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்குமாம். கிருமியோ வேறு ஏதாவதோ உள்ளே வந்தால் அங்கேதான் பிடித்து நிறுத்துமாம். எனக்கு அத்திபெலே செக்போஸ்ட் ஞாபகம் வந்தது. அதில் லாரி தேங்கி நிற்பது போலத்தான் கட்டி வீங்குகிறது என்று புரிந்துகொண்டேன்.

"ரெண்டுல ஒண்ணா இருக்கும்மா," என்றார். ஒன்று டிபி. டிபி நுரையீரலில் மட்டும் வருவதில்லை, கழுத்துக் கணுவிலும் வரும், மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டால் போய்விடும். இன்னொன்று லிம்போமா. அந்தக் கணுவிலேயே பிறக்கிற புற்றுநோய். இதற்கான மருந்து அதற்குக் கேட்காது, அதற்கானது இதற்குக் கேட்காது. எது என்று தெரியாமல் எதையும் ஆரம்பிக்க முடியாது. ஊசி போட்டுக் கொஞ்சம் செல்களை உறிஞ்சி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம் என்றார்.

செல்வராஜ், "ஸ்தோத்திரம்" என்றார். டாக்டர் அவரை ஒரு மாதிரி பார்த்தார்.

எங்கள் சபை ஜோகுபாளையத்தில், ஒரு கட்டடத்தின் மாடியில் கூடுகிறது. செல்வராஜின் தங்கை கிரேஸ் அடுத்த தெருவில் இருக்கிறாள், பெண்கள் ஜெபக்குழுவை அவள்தான் நடத்துகிறாள். எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று சபையில் சொல்வது ஜெபக்குறிப்பு. கேட்டது கிடைத்ததும் எழுந்து நின்று எல்லார் முன்னாலும் சொல்வது சாட்சி. சாட்சி சொல்லிவிட்டால் அந்த ஜெபக்குறிப்பு முடிந்துவிட்டது என்று அர்த்தம். கைதட்டி ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு அடுத்தவருடைய பாரத்தை எடுத்துக்கொள்வார்கள்.

என் கழுத்துக்காக வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்தார்கள். கார்மென்ட்ஸில் நிற்கிறவர்கள், வீட்டு வேலை செய்கிறவர்கள், பச்சைத் தண்ணீர் குடிக்காமல் வந்து பாயில் முழங்கால் போட்டார்கள். எங்கள் சபையில் ஒருவர் ஜெபிக்க மற்றவர் ஆமென் சொல்கிற பழக்கம் இல்லை, எல்லாரும் ஒரே சமயத்தில் சத்தம் போட்டு ஜெபிப்போம். யார் என்ன சொல்கிறார்கள் என்று தெரியாது. ஆனால் அந்த இரைச்சலுக்குள் இங்கே ஒரு 'சாந்தி', அங்கே ஒரு 'சாந்தி' என்று என் பெயர் காதில் விழுந்துகொண்டே இருந்தது. எந்த மாத்திரையும் எனக்கு அந்தத் தெம்பைத் தரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், தேம்பித் தேம்பி அழுதேன்.

அவர்கள் எல்லாரும் சுகம் தாரும் என்று கேட்டார்கள். நான் அதைக் கேட்கவில்லை. சபையில் ஆண்டவரை 'நீர்' என்போம். தனியாக இருக்கும்போது, அதுவும் கோபம் வந்துவிட்டால், நான் 'நீ'க்கு இறங்கிவிடுவேன். "என்னான்னு சொல்லு" என்பதுதான் என் ஜெபம். பஸ்ஸில் கேட்டேன், பாத்திரம் தேய்க்கும்போது கேட்டேன், குளிக்கும்போது கட்டியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். எது என்று தெரிந்தால்தானே சண்டை போடவாவது முடியும்?

ஊசி போட்டார்கள். எறும்பு கடித்த மாதிரிதான் என்றார்கள். எந்த ஊர் எறும்போ. ரிசல்ட்டுக்காகத் தினமும் கவுன்டருக்குப் போனோம். "இன்னூ பந்தில்லா, நாளே பன்னி" என்பான் அந்த ஆள், இன்னும் வரவில்லை, நாளைக்கு வாருங்கள் என்று. நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டான். வெளியே வரிசையாக நீல நாற்காலிகள், எல்லாவற்றிலும் ஆட்கள், எல்லார் மடியிலும் பிளாஸ்டிக் பை, அதற்குள் ஸ்கேன் படம். யாரும் யாரிடமும் என்ன நோய் என்று கேட்பதில்லை. டோக்கன் எத்தனை என்றுதான் கேட்டுக்கொள்வார்கள்.

ஒருவழியாக ரிசல்ட் வந்தது. லேடி டாக்டர் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ஊசியில் வந்தது வெறும் ரத்தம்தான், பார்ப்பதற்குப் போதுமான செல்லே அதில் இல்லை. "இதுல ஒண்ணும் இல்லம்மா. இதை வெச்சு எதுவும் சொல்ல முடியாது," என்றார். கட்டியையே முழுசாக அறுத்து எடுத்துப் பார்க்க வேண்டும், காய்ச்சலும் விடாமல் அடிக்கிறது, அதனால் வார்டில் சேர்ந்துவிடுங்கள் என்றார்.

வெளியே வந்ததும் செல்வராஜ் தங்கைக்குப் போன் போட்டார். நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். "கிரேஸ், ஊசி ரிசல்ட் வந்துச்சு. அதுல ஒண்ணும் இல்லையாம், ஸ்தோத்திரம். மத்தது அப்புறம் பேசறேன்," என்று வைத்துவிட்டார். எனக்கும் அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. ஒன்றும் இல்லை என்றால் ஊசியில் ஒன்றும் இல்லை. டாக்டர் சொன்னதைத்தானே சொன்னார்?

அந்த ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் நேரத்தில் வார்டுக்குள் ஒரு கல்யாணக் கூட்டமே வந்தது. முன்னால் கிரேஸ், பட்டுப் புடவையும் தலை நிறையப் பூவுமாக. கையில் பேக்கரி கேக். பின்னால் ஜெபக்குழுப் பெண்கள். கட்டிலைச் சுற்றி நின்று கைதட்டிப் பாட ஆரம்பித்தார்கள். எனக்குக் கையில் டிரிப் ஏறிக்கொண்டிருந்தது, காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது. நர்ஸ் ஓடிவந்து கன்னடத்தில் சத்தம் போட்டாள்.

"அண்ணி, சபையே ஆடிப்போச்சு போங்க," என்றாள் கிரேஸ். "காலையில ஆராதனையில நான்தான் சாட்சி சொன்னேன். எழுந்து நின்னு கைதட்டினாங்க."

எதற்கு என்று கேட்டேன்.

"இன்னா அண்ணி இப்படிக் கேக்கறீங்க? ஒண்ணும் இல்லைன்னு ரிப்போர்ட் வந்துச்சே. அண்ணன் சொல்லுச்சே."

நான் செல்வராஜைப் பார்த்தேன். அவர் திருதிருவென்று கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஊசியில் ஒன்றும் இல்லை என்று இவர் சொன்னதை, உடம்பில் ஒன்றும் இல்லை என்று அவள் கேட்டிருக்கிறாள். அதற்கு மேல் ஒரு ஸ்தோத்திரம் வேறு. கெட்ட செய்தி சொல்லி ஸ்தோத்திரம் போடுகிற ஆள் உலகத்தில் வேறு யார் இருக்கிறார்?

அப்படியானால் ஏன் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள் என்று யாராவது யோசிக்க வேண்டாமா என்று கேட்டேன். காய்ச்சலுக்காக என்று நினைத்தார்களாம். கழுத்தைத் திருப்பிக் காட்டினேன். கட்டி அப்படியேதான் இருந்தது. கிரேஸின் முகம் தொங்கிப்போனது. மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பெண் மட்டும் மெல்லிய குரலில், "வெள்ளிக்கிழமை உபவாசத்தை விட்டுட்டோமே" என்றாள். நான் இங்கே 'என்னான்னு சொல்லு, என்னான்னு சொல்லு' என்று தொண்டை வறளக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன், கூடக் கேட்கிறார்கள் என்ற நம்பிக்கையில். அங்கே பாயைச் சுருட்டிவிட்டார்கள். கேக்கை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. எதிர்க்கட்டில் அம்மாள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

சரி, தப்பாகக் கேட்டுவிட்டார்கள், அடுத்த கூட்டத்தில் பாஸ்டர் திருத்திச் சொன்னால் முடிந்தது என்று நினைத்தேன். பாஸ்டர் நேரிலேயே வந்தார். நல்ல மனிதர். எங்கள் வீட்டுச் சாவுக்கும் வாழ்வுக்கும் முதலில் வந்து நிற்கிறவர். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, விஷயத்தைக் கேள்விப்பட்டதாகச் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"சிஸ்டர், சபையார் முன்னாடி சாட்சி சொல்லியாச்சு. இப்போ அது இல்லைன்னு சொன்னா விசுவாசத்துல சின்னவங்க இடறிப்போயிடுவாங்க. நீங்களும் சுகமாயிட்டேன்னே அறிக்கை பண்ணுங்க. கர்த்தர் அதைக் கனப்படுத்துவார்."

"ஊசியிலதான் ஒண்ணும் வரல பாஸ்டர். கழுத்துல இருக்கு. வேணும்னா தொட்டுப் பாருங்க," என்றேன்.

அவர் தொடவில்லை. எனக்காக இப்போது யாராவது ஜெபிக்கிறார்களா என்று கேட்டேன். ஸ்தோத்திர ஜெபம் ஏறெடுக்கிறோம் என்றார். கிடைக்காத ஒன்றுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார்களாம். சரக்கு வந்து சேராமல் வந்துவிட்டது என்று எங்கள் ஸ்டோரில் ஒருவன் கையெழுத்துப் போட்டால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதை அவரிடம் சொன்னேன். "கோபப்படாதீங்க சிஸ்டர், அது அவிசுவாசத்துக்கு வழி" என்றார். என் தலையில் கை வைத்து ஸ்தோத்திர ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். நான் ஆமென் சொல்லவில்லை.

அந்தக் கோபத்தில் நான் ஆண்டவரிடமும் பேசுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். உன் ஆட்கள் லட்சணத்தைப் பார் என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன். எவ்வளவு நேரம் தாங்கியது? கட்டியில் கை பட்டதும் வாய் தானாக "என்னான்னு சொல்லு" என்றது. விட்டுத் தொலைக்கலாம் என்றாலும் விட முடியவில்லை. கேட்பதற்கு எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? கவுன்டர்க்காரனா?

செல்வராஜை மட்டும் விடவில்லை. கீழே கேன்டீனில் டீ வாங்கி எதிரே உட்கார வைத்து, பாஸ்டருக்குப் போன் பண்ணுங்க, என் பொண்டாட்டிக்குக் கேன்சரா இருக்கலாம்னு வாயைத் திறந்து சொல்லுங்க என்றேன். அவர் டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"என்னால அந்த வார்த்தையைச் சொல்ல முடியாதும்மா," என்றார். "சுரங்கத்துல சங்கு ஊதுச்சுன்னா எங்கம்மா வாசல்ல நின்னு ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம்னு சொல்லும். அப்பா தலை தெரியற வரைக்கும் நிறுத்தாது. நானும் கூடவே சொல்லுவேன். நிறுத்தினா அப்பா வர மாட்டார்னு பயம். இப்பவும் அந்தப் பயம்தான்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அதை நன்றி என்றே நினைத்து எரிந்து விழுந்திருக்கிறேன். அது நன்றி இல்லை, நடுக்கம். அதற்கு மேல் அவரிடம் கோபப்பட முடியவில்லை. அவர் டீயை ஆற்றிக் கொடுத்துக் குடிக்க வைத்தேன்.

கட்டியை எடுத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டுத்தான் எடுத்தார்கள், வலி இல்லை. ஆனால் காதுக்குக் கீழே கத்தரிக்கோல் ஓடுகிற சத்தம் நன்றாகக் கேட்டது. ஆயுசு முழுக்க அந்தச் சத்தத்துக்கு நடுவில் வேலை பார்த்தவள், அன்றைக்கு மட்டும் துணியாக இருந்தேன். தினேஷ் அத்திபெலேயிலிருந்து நேராக வந்து, ஆஸ்பத்திரித் தலையணை கல்லாக இருக்கிறது என்று வீட்டுத் தலையணையைப் பைக்கில் கட்டிக்கொண்டு வந்திருந்தான். கிரேஸ் தினமும் ரசம் அனுப்பினாள், ஆனால் தான் வரவில்லை. நானும் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை, ரசத்தை மட்டும் குடித்தேன்.

முதல் பார்வையில் சந்தேகமாக இருக்கிறது, சாயம் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று சதைத் துண்டை வேறு லேபுக்கு அனுப்பினார்கள். எந்த வகைச் செல்லோ அதற்கென்று ஒரு சாயம், அதில் மட்டும்தான் பிடிக்குமாம். அதை வைத்துத்தான் இன்ன நோய் என்று அடித்துச் சொல்ல முடியுமாம். துணியில் சாயம் பிடிப்பதற்கே எத்தனை நாள் ஆகும் என்று எனக்குத் தெரியும். அதனால் அதற்கு நான் சண்டை போடவில்லை. காய்ச்சல் கொஞ்சம் மட்டுப்பட்டதால் வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுபடியும் கவுன்டர், மறுபடியும் "நாளே பன்னி".

ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகிறேன் என்றேன். வேண்டாம் என்றார் செல்வராஜ். கழுத்தில் பிளாஸ்திரியோடு போனேன். படியேறும்போதே மூச்சு வாங்கியது. பாட்டு முடிந்ததும் பாஸ்டர் என்னைப் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்து, நம் சகோதரி சாந்தி சுகத்தோடு நம் நடுவே வந்திருக்கிறார், சாட்சி சொல்ல வரும்படி அழைக்கிறேன் என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். முன் வரிசையில் கிரேஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

மேடை ஏறினேன், மைக்கை நீட்டினார்கள். வாங்கவில்லை, என் குரலுக்கு மைக் எதற்கு?

"எனக்குச் சுகம் ஆகல," என்றேன். "ஊசியில ஒண்ணும் வரலைன்னுதான் என் வீட்டுக்காரர் சொன்னாரு. நீங்க நோயே இல்லைன்னு கேட்டுக்கிட்டீங்க. அதுக்கு நான் யாரையும் குத்தம் சொல்லல. ஆனா பாதியில எழுந்து போயிட்டீங்க. கேன்சரா டிபியான்னு இன்னும் தெரியல. எனக்குப் பயமா இருக்கு. தெரியற வரைக்கும் என்கூட உட்கார்ந்து கேளுங்க. கேக்க முடியாதவங்க சும்மா இருங்க, பரவாயில்ல. ஆனா எனக்காக நன்றி மட்டும் சொல்லாதீங்க. நான் இன்னும் எதையும் வாங்கிக்கல."

பாஸ்டர் கீபோர்டு வாசிக்கிறவரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார், ஒரு துதிப் பாட்டு ஆரம்பமானது. நாலைந்து பேர் பாடினார்கள். நான் இறங்கி என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். போச்சு, இனி இந்தப் படி ஏற வேண்டியதில்லை என்றே நினைத்தேன்.

அப்போது பாட்டுக்கு மேலே ஒரு சத்தம். கிரேஸ் முழங்கால் போட்டுவிட்டாள். பட்டுப் புடவை தரையில் புரள, "ஆண்டவரே, நான் அவசரப்பட்டுட்டேன். அண்ணி கழுத்துல இருக்கறது இன்னான்னு சொல்லுங்க. இன்னான்னு சொல்லுங்க," என்று கதறினாள். என் ஜெபத்தை நான் அவளிடம் சொன்னதே இல்லை. உபவாசத்தை விட்டுவிட்டோமே என்று சொன்ன அந்தப் பெண்ணும் முட்டி போட்டாள். அப்புறம் இன்னும் சிலர். மீதிப் பேர் பாடிக்கொண்டிருந்தார்கள், சிலர் செருப்பைத் தேடிக் கிளம்பினார்கள். பாட்டும் ஜெபமும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் போனது. கடைசியில் கீபோர்டு நின்றது. பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு மேடையிலேயே நின்றார். அவர் என்ன ஜெபித்தார் என்று எனக்குத் தெரியாது, இன்று வரைக்கும் கேட்கவும் இல்லை. செல்வராஜ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஸ்தோத்திரம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "எனக்குப் பயமா இருக்கு ஆண்டவரே" என்று மட்டும் சொன்னார், அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

அந்த வாரம் கவுன்டர்க்காரன் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தான். "பந்திதே," என்றான். வந்திருக்கிறது.

லேடி டாக்டர் கதவைச் சாத்திவிட்டு எங்கள் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்ததிலேயே தெரிந்துவிட்டது. டிபி இல்லை. லிம்போமா, அதில் ஹாட்ஜ்கின் என்று ஒரு வகை. மருந்துக்கு நன்றாகக் கேட்கிற வகை, ஆனால் லேசான மருந்து இல்லை. டிரிப்பில் ஏற்றுவார்கள், சில வாரம் விட்டு விட்டு, மாதக்கணக்கில். முடி கொட்டும், வாந்தி வரும், வேலைக்குப் போவதைப் பிறகு பார்க்கலாம். மூன்று தடவை சொன்னார், பொறுமையாக. முழுசாகக் குணமாகுமா என்று கேட்டேன். "ஆகலாம். ஆகறதுக்குத்தான் பார்க்கறோம். இப்பவே ஆகும்னு நான் சொல்லக் கூடாது," என்றார். அந்தப் பெண்ணுக்கு இருக்கிற நேர்மை எங்கள் பாஸ்டருக்கு இல்லையே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

வெளியே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிமென்ட் பெஞ்சு. செல்வராஜ் போனை எடுத்தார். நான் பேசட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்று தலையாட்டினார். "கிரேஸ், ரிசல்ட் வந்துச்சு," என்றார். நிறுத்தினார். ஒரு பஸ் போகிற வரைக்கும் நிறுத்தினார். "கேன்சர்," என்றார். அந்தப் பக்கம் அவள் அழுவது எனக்கே கேட்டது. இவரும் அழுதார். நடுத்தெருவில் யார் பார்த்தால் என்ன என்று அழுதார். நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, காது வரைக்கும் சூடாக. கண்ணை மூடவில்லை, தலையைக் குனியவில்லை, ரோட்டைப் பார்த்தபடியே சொன்னேன். கேட்டதுக்குப் பதில் சொல்லிட்ட. எனக்குப் பிடிக்கல, ஆனா சொல்லிட்ட. இப்ப அடுத்ததைக் கேக்கறேன். நான் பிழைக்கணும். இதுக்கும் அவ்வளவு நாள் எடுத்துக்காத.